பந்தயப் பாய்மரப் படகுகள் சமுத்திரத்தை எப்படி அளக்கின்றன, அந்த அளவீடுகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை

அன்பர்களுக்கு வணக்கம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் புவியியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் தரம் 11 மாணவர்களுக்குச் சமுத்திர நீரோட்டங்களைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் பந்தயங்களில் கலந்துகொள்வோர் கடல்நீரின் வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் அதில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டையும் அளந்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறார்கள் என்று வாசித்திருந்ததையும் அப்போது சேர்த்துச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "நாள் கிலோவை முடிக்க ஓடுகிற எங்கள் அம்மாவிடம், கொழுந்து பறிக்கும்போதே எந்தச் செடியில் எத்தனை பூச்சி இருக்கிறது என்றும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் எழுதுவாரா, டீச்சர்? பந்தயத்தில் ஓடுகிறவர் மட்டும் எப்படி நின்று அளப்பார்?" என்று கேட்டாள்.

உரிய விடை என்னிடம் இருக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி அமரச் செய்தேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது நேரத்தைப் பற்றி மட்டுமல்ல. அவசரத்தில் இருக்கும் ஒருவர், அதுவும் ஆய்வாளர் அல்லாத ஒருவர் எடுத்த அளவை எப்படி நம்புவது என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

என் வகுப்பிலுள்ள முப்பத்திரண்டு பேரில் கடலை நேரில் கண்டவர்கள் பதினொருவர் மாத்திரமே. அவர்களுக்கு இந்த அளவீடுகள் ஏன் முக்கியம் என்பதையும் நான் விளக்க வேண்டும். பரீட்சைக்கு வரும் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எதையும் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. கடலியல் கற்றவர்களோ கப்பலில் பணியாற்றியவர்களோ இங்கிருந்தால், படகில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும், மலையில் வாழும் நமக்கும் அதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பதையும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: பண்டாரவளையிலிருந்து ஒரு கடலியல் பட்டதாரி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் கடற்றொழில், கடல் விஞ்ஞானப் பிரிவில் கற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

படகோட்டி நிற்பதுமில்லை, அளப்பதுமில்லை, அளப்பது படகுதான். படகின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே இழுக்கப்பட்டு, விரல் பருமனுள்ள குழாயொன்றினூடாக ஒரு பெட்டிக்குச் செல்கிறது. அங்கே முதலில் வெப்பநிலை அளக்கப்படும். பிறகு நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பார்த்து உவர்த்தன்மை கணிக்கப்படும். உப்பு கூடினால் கடத்தும் திறனும் கூடும். அதன் பின் அந்த நீர் ஒரு மெல்லிய சவ்வை உரசிக்கொண்டு ஓடுகிறது. சவ்வு நீரை மறித்து, கரைந்துள்ள வாயுவை மாத்திரம் அப்பால் விடும். அப்பாலுள்ள சிறு அறையில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் காபனீரொட்சைட்டின் அளவு தெரிந்துவிடும். அளவீடு ஒவ்வொன்றுடனும் அந்தக் கணத்தின் நேரமும், படகு இருக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் தாமாகவே பதிவாகின்றன. அளந்த நீர் மீண்டும் கடலுக்கே போய்விடும். படகோட்டி செய்ய வேண்டியதெல்லாம் கருவி இயங்குகிறதா என்று இடைக்கிடை பார்ப்பதும், குழாய் அடைபட்டால் சுத்தம் செய்வதும்தான்.

அப்படியானால் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லையா என்று அந்த மாணவி அடுத்ததாகக் கேட்பாள். இரண்டு உண்டு: பாரமும் மின்சாரமும். தனியாளாக, எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றிவரும் வொண்டே குளோப் பந்தயத்தில் ஓடும் படகு ஏறத்தாழ 18 மீற்றர் நீளமுடையது. காபன் இழையால் ஆனது. அதில் ஒரு கிலோவைக் குறைப்பதற்கும் பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அதற்குள் ஒரு பெட்டியையும் பம்பியையும் விரும்பி ஏற்றிக்கொள்வது பெரிய விட்டுக்கொடுப்பு. மின்சாரமும் சூரியத் தகடுகளிலிருந்தோ, ஓடும் நீரினால் சுழலும் சிறு மின்பிறப்பாக்கியிலிருந்தோதான் கிடைக்க வேண்டும். தனியாளாகச் செல்பவர் உறங்கும் நேரத்தில் படகைச் செலுத்தும் தன்னியக்கச் சுக்கானும் அதே மின்கலத்தையே நம்பியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் படகுகளை ஆய்வாளர்கள் நாடுவதற்குக் காரணம் அவற்றின் வேகமன்று, வழி. உலகப் படத்தை விரித்து நன்னம்பிக்கை முனை, அவுஸ்திரேலியாவின் லீவின் முனை, தென் அமெரிக்காவின் ஹோர்ன் முனை மூன்றுக்கும் தெற்கே அந்தாட்டிக்காவைச் சுற்றி ஒரு கோடு வரையச் சொல்லுங்கள். அக்கோட்டின் பெரும்பகுதியில் சரக்குக் கப்பல்களுக்கு வேலையில்லை. ஆய்வுக் கப்பலை அனுப்பினால் நாளொன்றுக்குப் பல்லாயிரம் டொலர் செலவாகும் என்பதால் அதுவும் எப்போதாவதுதான் போகும். ஆனால் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சமுத்திரங்கள் உள்வாங்குகின்றன. அவ்வாறு உள்வாங்கப்படுவதில் ஏறத்தாழ 40 சதவீதம் தென்சமுத்திரத்தின் பங்கு. இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் கடலில்தான் அளவீடுகள் மிகவும் அருகலாக இருக்கின்றன. பந்தயப் படகுகளோ அந்தக் கோட்டின் மீதே ஓடுகின்றன.

ஜேர்மனியப் படகோட்டியான போரிஸ் ஹெர்மன் 2018 முதல் தம் படகில் இத்தகைய கருவியைப் பொருத்தியிருக்கிறார். கீல் நகரிலுள்ள கியோமார் ஆய்வு நிலையமும் ஹம்பேர்க்கிலுள்ள மக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனமும் அவருடன் இணைந்து செயற்பட்டன. 2020 நவம்பரில் தொடங்கிய வொண்டே குளோப் பந்தயத்தில் அவர் உலகைச் சுற்றி வந்தபோது அக்கருவியும் சுற்றி வந்தது. கொள்ளைநோய்க் காலமாகையால் ஆய்வுக் கப்பல்கள் பல துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்த நேரம் அது. 2024 பந்தயத்தில் புறப்பட்ட 40 பேரில் 25 பேர் ஏதேனுமொரு கருவியையோ மிதவையையோ தங்களுடன் எடுத்துச் சென்றார்கள்.

மிதவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்கோ என்பது உருளை வடிவிலான ஒரு தானியங்கிக் கருவி. அதைக் கடலில் இறக்கிவிட்டால் 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செய்மதிக்குத் தகவலை அனுப்பிவிட்டு மீண்டும் அமிழும். உலகெங்கும் இத்தகையவை ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பந்தயப் படகோட்டிகள் பலர் அதைச் செய்திருக்கிறார்கள். மேற்பரப்பிலேயே மிதந்து வளியமுக்கத்தை அளக்கும் சிறிய மிதவைகளையும் அவர்கள் இறக்குகிறார்கள். கடல்மட்ட வளியமுக்கத்தைச் செய்மதியால் நேரடியாக அளக்க முடியாது என்பதால், வானிலை முன்னறிவிப்பு மாதிரிகளுக்கு இந்தச் சிறு மிதவைகள் மிகவும் தேவைப்படுகின்றன.

நம்பகத்தன்மையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவ்வளவீடுகள் ஆய்வுக் கப்பலின் அளவீடுகளுக்கு எல்லா விதத்திலும் ஈடானவையல்ல. படகு வேகமெடுத்து அலைமேல் எழும்பும்போது நீருடன் காற்றுக் குமிழிகளும் குழாய்க்குள் புகுந்துவிடும்; குமிழி புகுந்தால் வாயு அளவீடு பிறழும். அத்தகைய பகுதிகளைப் பின்னர் அடையாளங்கண்டு குறியிட்டு, கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் கருவியை ஆய்வுகூடத்தில் வைத்து, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி, எவ்வளவு விலகியிருக்கிறது என்று சரிபார்க்கிறார்கள். இறுதியில் அந்தத் தரவு, 2011 முதல் வெளியிடப்பட்டு வரும் உலகக் கடல் மேற்பரப்புக் காபனீரொட்சைட்டுத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. அந்தத் தொகுப்பில் எல்லாத் தரவுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. வளிமண்டல அமுக்கத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால், இன்றைய கடல்நீரில் காபனீரொட்சைட்டின் அமுக்கம் பெரும்பாலும் 400ஐ ஒட்டியிருக்கும். அதில் 2 அலகுக்குள் சரியாக இருப்பவை முதல் தரம், 5 அலகுக்குள் இருப்பவை அடுத்த தரம், 10 அலகுக்குள் இருப்பவை அதற்கும் அடுத்தது. ஆகவே படகோட்டி விஞ்ஞானியா என்று பார்ப்பதில்லை. கருவியின் விலகல் எவ்வளவு என்று தெரியுமா, அது எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படகுகளின் அளவீடுகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வட அத்திலாந்திக்கிலும் தென்சமுத்திரத்திலும் கடல் உள்வாங்கும் காபனின் கணிப்பு கவனிக்கத்தக்க அளவு மாறியது.

என் பார்வையில் மிகப் பெரிய குறை வேறொன்று. பந்தயங்கள் தென்கோளத்தின் கோடைகாலத்தில் நடக்கின்றன. குளிர்காலத்தில் அந்தக் கடலில் யாரும் போட்டிக்கு இறங்குவதில்லை. ஆழத்திலுள்ள காபன் மேலே கிளறப்படுவதோ பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையை மாத்திரம் அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் கணக்குச் சொல்லக் கூடாது. அந்த இடைவெளியை இரசாயன அளவிகள் பொருத்திய ஆர்கோ மிதவைகளும், ஆளில்லாத பாய்மரக் கலங்களும் ஓரளவு நிரப்புகின்றன. 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் பிளஃப் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட செயில்ட்ரோன் என்ற ஆளில்லாக் கலம், குளிர்காலத்தையும் கடந்து 196 நாளில் 22,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, அந்தாட்டிக்காவைச் சுற்றிவந்து அதே துறைமுகத்தை ஓகஸ்டில் அடைந்தது.

மலையகத்துக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்ல நான் விரும்பவில்லை. தென்சமுத்திரத்தில் ஒரு படகு எடுத்த அளவினால் நாளைக்கு மஸ்கெலியாவில் மழை பெய்யுமா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மே மாதத்தில் நம் மேற்குச் சரிவில் வந்து மோதும் தென்மேல் பருவக்காற்று அரபிக் கடலில் பிறப்பதல்ல. தென் இந்து சமுத்திரத்தில், மொரீசியசுக்கும் தெற்கே நிலைகொள்ளும் மஸ்கரீன் உயரமுக்கத்திலிருந்து புறப்பட்டு, மத்திய கோட்டைக் கடந்து, திசை திரும்பி, நீராவியைச் சுமந்துகொண்டு வருவது அது. பந்தயப் படகுகள் அந்த உயரமுக்கத்தின் தென் ஓரத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. அங்கே இறக்கப்படும் மிதவையொன்று மாதக்கணக்கில் மிதந்து அமுக்கத்தை அனுப்பினால், அது நமது மழை பிறக்கும் பிரதேசத்தின் கணக்கில் சேர்கிறது. அதேபோல் இந்து சமுத்திரத்தின் மேற்கு சூடாகவும் சுமாத்திராவை ஒட்டிய கிழக்கு குளிர்ச்சியாகவும் இருக்கும் ஆண்டுகளில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான நம் மழை கூடுவதுண்டு. 2019 அத்தகைய ஆண்டு. கடல் வெப்பநிலையை யாரும் அளக்காதிருந்தால் இந்தத் தொடர்பே நமக்குத் தெரிந்திருக்காது.

இலங்கைக்கு அருகிலும் படகுகள் ஓடியிருக்கின்றன. 2008 டிசம்பரில் வொல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகப் பந்தயத்தின் படகுகள் கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டு நமது தீவின் தெற்கே கடந்து சென்றன. வடகீழ்ப் பருவத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் தெய்வேந்திர முனைக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடும். தென்மேல் பருவத்தில் அரபிக் கடலின் உப்புக் கூடிய நீர் அதே வழியில் கிழக்கு நோக்கி ஓடும். கருவியோடு ஒரு படகு அந்த டிசம்பரில் கடந்திருந்தால், உவர்த்தன்மை விழும் இடத்தை ஒரு கோடாகக் காட்டியிருக்கும். அப்போது அத்தகைய திட்டம் அந்தப் பந்தயத்தில் தொடங்கப்படவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி: மஸ்கெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற தோட்ட அலுவலக எழுதுவினைஞர்

மகள், உங்கள் மாணவியின் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கடலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அளப்பதைப் பற்றி மாத்திரம் சொல்ல எனக்கு உரிமையுண்டு என்று நினைக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் இருந்தேன். அவற்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் மழைமானி என் பொறுப்பில் இருந்தது.

அலுவலகத்துக்கு முன்னாலுள்ள புல்தரையில் வேலியடைத்து, செம்புப் புனலோடு அது நிற்கும். காலை எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளேயிருக்கும் போத்தலை எடுத்து, கண்ணாடி அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழியின் அடியைத்தான் வாசிக்க வேண்டும், ஓரத்தை வாசிக்கக் கூடாது. பிறகு பதிவேட்டில் எழுத வேண்டும். நான் பொறுப்பேற்றபோது பழைய பதிவேடுகள் அங்குலத்தில் இருந்தன. என் கையெழுத்திலேயே அவை மில்லிமீற்றருக்கு மாறின. நானும் வானிலை ஆய்வாளன் அல்லன். சம்பளப் பட்டியலும் துண்டுக் கணக்கும் மேசையில் காத்திருக்கும்போதுதான் மழையையும் அளந்தேன். அளக்கச் சொன்னது விஞ்ஞானத்துக்காகவும் அன்று. உரம் போடும் நாளையும் கவ்வாத்து வெட்டும் காலத்தையும் தீர்மானிப்பதற்காக. ஆனாலும் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும் மற்றவர்களும் பிற்காலத்தில் தோட்டங்களின் மழைப் பதிவேடுகளைத் தேடி வந்தார்கள். வேறு எவரும் நிற்காத இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம் என்பதுதான் காரணம். பட்டதாரித் தம்பி வேகத்தை விட வழிதான் முக்கியம் என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்தப் பதிவேடுகளே நினைவுக்கு வந்தன.

ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் பூச்சியம் என்று எழுத வேண்டும். அளக்காத நாளில் வெறுமையாக விட்டு, ஏன் அளக்கவில்லை என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. எனக்குப் பதிலாகச் சில வாரங்கள் பொறுப்பிலிருந்த ஒருவர், எட்டு நாள் மழைமானியைத் திறக்காமலே விட்டுவிட்டு, அந்த நாட்களுக்கெல்லாம் பூச்சியம் எழுதி, ஒன்பதாம் நாள் சேர்ந்திருந்த நீர் முழுவதையும் ஒரே நாள் மழையாகப் பதிந்துவிட்டார். இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் மண்சரிவைக் குறித்து விழிப்பாயிருங்கள் என்று எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்டில், அப்படியொரு பொய் எண் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் அறிவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. படகிலுள்ள கருவி பழுதடைந்த நாட்களை அவர்கள் எப்படிக் குறிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், நானும் தெரிந்துகொள்வேன்.

மறுமொழி: பதுளையிலிருந்து ஒரு கப்பல் பொறியியலாளர்

ஐயாவின் கடைசிக் கேள்விக்கு விடையளிப்பதற்காகவே எழுதுகிறேன். நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பதினான்கு ஆண்டுகளாகச் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் பணிபுரிகிறேன். கருவி பழுதான நேரத்தின் தரவை நீக்குவதில்லை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் அருகே நல்லது, சந்தேகத்துக்குரியது, பிழையானது என்று குறியிடுகிறார்கள். பயன்படுத்துபவர் அதைப் பார்த்து எடுத்துக்கொள்வார் அல்லது விடுவார். நீங்கள் பக்கத்தில் குறித்து வைத்ததும் இதுவேதான், ஐயா.

வழிப்போக்கர்கள் கடலை அளப்பது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மத்தியூ ஃபொன்டைன் மோரி, கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்துக் காற்று, நீரோட்டப் படங்களை வரைந்தார். குறிப்பைக் கொடுத்தவருக்குப் படம் இலவசம். 1853இல் பிரசெல்சில் கூடிய மாநாட்டில், எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெழுத வேண்டும் என்று இணங்கினார்கள். இன்றும் பல சரக்குக் கப்பல்களில் காவலிலிருக்கும் அதிகாரி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்று, அமுக்கம், அலை, கடல் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்து வானிலை நிலையங்களுக்கு அனுப்புகிறார். பந்தயப் படகோட்டியும் அந்த வரிசையில் வருபவர்தான். தான் இறக்கிய மிதவை அனுப்பும் அமுக்கம், தனக்குக் கிடைக்கும் வானிலை முன்னறிவிப்பையே திருத்தமாக்குகிறது என்பதால் அவருக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் எந்தக் கருவியால், எந்த இடத்தில் அளந்தோம் என்று எழுதாவிட்டால் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எங்கள் இயந்திர அறையே சாட்சி. முற்காலத்தில் வாளியைக் கடலில் இறக்கி நீரை அள்ளி, மேற்றளத்தில் வைத்து வெப்பமானியைத் தோய்ப்பார்கள். துணி வாளியில் நீர் ஆவியாகும்; அதனால் வெப்பநிலை சற்றே குறைந்து காட்டும். பிறகு இயந்திரத்தைக் குளிர்விப்பதற்காக உள்ளே வரும் கடல்நீரின் குழாயிலேயே அளக்கத் தொடங்கினார்கள். இயந்திர அறையின் சூட்டினால் அது சற்றே கூட்டிக் காட்டும். உலகப் போர்க் காலத்தில் பெரும்பாலான அளவீடுகள் அமெரிக்கக் கப்பல்களின் குழாயிலிருந்து வந்தன. போர் முடிந்ததும் பிரித்தானியக் கப்பல்களின் வாளிகள் மீண்டும் சேர்ந்துகொண்டன. அதனால் 1945இல் உலகக் கடல் வெப்பநிலை திடீரென ஏறத்தாழ 0.3 பாகை குறைந்ததுபோல் பதிவேடுகள் காட்டின. கடல் குளிரவில்லை, அளந்தவர்கள் மாறியிருந்தார்கள். இதைக் கண்டறிந்து வெளியிட்டது 2008இல்தான்.

நான் வேலை செய்த ஒரு கப்பலில் உள்ளெடுப்புக் குழாயின் வெப்பமானி ஒன்றரைப் பாகை கூட்டிக் காட்டியது. இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல என்பதால் மாதக்கணக்கில் எவரும் மாற்றவில்லை. அந்த எண்ணே மேலே போய்க்கொண்டிருந்தது என்று பின்னர்தான் அறிந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது. பந்தயப் படகின் கருவியை முன்னும் பின்னும் ஆய்வுகூடத்தில் சரிபார்க்கிறார்கள் என்று தம்பி எழுதியிருப்பதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சரிபார்ப்பு இருப்பதால், எங்கள் குழாயின் எண்ணைவிட அந்தப் படகின் எண்ணை நான் நம்புவேன்.

நுண்பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017–18 வொல்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் கடல்நீரை நுண்ணிய வடிகட்டிகளினூடே செலுத்தி, வடிகட்டிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். தென்சீனக் கடலில் ஒரு கன மீற்றர் நீரில் 349 துகள்கள் இருந்தன. நிலத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள, அதாவது மிக அண்மைத் தரையும் ஏறத்தாழ 2,688 கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் நீமோ முனைக்கு அருகிலும்கூட 26 துகள்கள் வரை கிடைத்தன. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நம் மேற்குக் கரையில் வெள்ளை மணிகளாகக் குவிந்ததைக் கண்டவர்களுக்கு இந்த எண்களின் பொருள் விளங்கும்.

பந்தயமல்லாவிட்டாலும் உங்கள் மாணவிகளுக்கு ஒரு செய்தி. இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரக் கலத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 ஒக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே மாதத்தில் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் நீமோ முனையைக் கடந்தபோது, இந்தியாவின் தேசிய கடலியல் நிறுவனத்துக்காக அங்கே நீர் மாதிரிகளை எடுத்தார்கள். நம் மொழி பேசும் ஒரு பெண் அந்த இடத்தில் நீரை அள்ளிப் போத்தலில் அடைத்தாள் என்று சொல்லுங்கள். வகுப்பு உன்னிப்பாகக் கேட்கும்.

ஹட்டன் ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் முதலில் ஐயாவின் மழைமானியைச் சொன்னேன். அதன் பின் படகின் பெட்டியைச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி, "அப்படியானால் அம்மாவின் கூடைக்குள்ளேயே பூச்சி எண்ணுகிற கருவியை வைத்துவிட்டால் அவர் நிற்க வேண்டியதில்லை, கூடையின் பாரம் மட்டும் கூடாமலிருக்க வேண்டும்" என்றாள். பாரத்தைப் பற்றி நான் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

இன்னுமொரு வேண்டுகோள். படகு எடுத்த உண்மையான எண்களைப் பிள்ளைகள் கையாளக்கூடிய பயிற்சி ஏதும் உண்டா? எங்கள் பாடசாலையில் கணினிகள் இரண்டே இருக்கின்றன.

மறுமொழி: பண்டாரவளை கடலியல் பட்டதாரி

கணினி ஒன்றே போதும், ஆசிரியை அவர்களே. எஞ்சியதை வரைபுத்தாளில் செய்யலாம். நான் முன்னர் குறிப்பிட்ட தொகுப்பு எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. அதிலிருந்து அத்திலாந்திக்கில் தெற்கு நோக்கி ஓடிய ஒரு படகின் தரவை எடுத்து, அகலாங்கு ஒவ்வொரு பாகைக்கும் ஒரு வரி வருமாறு சுருக்கி, ஒரு தாளில் அச்சிட்டு அனுப்புகிறேன். அகலாங்கு, வெப்பநிலை, உவர்த்தன்மை என்ற மூன்று நிரல்கள் மாத்திரம். குறியிடப்பட்ட சந்தேக அளவுகளையும் நீக்காமல் அப்படியே விடுகிறேன். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும்.

கிடையச்சில் அகலாங்கையும் நிலையச்சில் வெப்பநிலையையும் குறிக்கச் சொல்லுங்கள். தென் அகலாங்கு 40 பாகையை அண்மிக்கும்போது வெப்பநிலைக் கோடு மெல்லச் சரியாமல் படியிறங்குவதுபோல் விழும். உவர்த்தன்மையும் கூடவே விழும். அயனமண்டலத்தின் சூடான, உப்புக் கூடிய நீரும் தென்சமுத்திரத்தின் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லை அது. எந்த இடம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். தாள் திங்கட்கிழமைத் தபாலில் வரும்.